ஒற்றை முட்டையும் ரெட்டைவடச் சங்கிலியும்

1

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பிறகு, எங்கள் மகன் டேனி ஒரு கேக்கை ஏலம் கேட்கக் கையைத் தூக்கினான். நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். பிடித்த பிடியில் அவன் மணிக்கட்டு சிவந்துவிட்டது. பன்னிரண்டு வயதுப் பையன், அத்தனை பேர் முன்னால் அவமானப்பட்டுப் போனான். 

நாங்கள் இருப்பது சாம்பியாவில், கப்வே என்கிற ஊரில். நானும் என் கணவரும் இங்கே பள்ளிக்கூட ஆசிரியர்கள். நான் கணக்கு, அவர் வேதியியல். ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று சொல்லிக்கொண்டே ஐந்தாவது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. இங்குள்ள சிறிய தேவாலயத்தின் கூரைத் தகரம் துருப்பிடித்து ஒழுகுகிறது. புதுத் தகரம் வாங்கத்தான் அன்றைக்கு ஏலம். ஆளாளுக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். கோழி, மக்காச்சோள மாவு, பின்னிய ஸ்வெட்டர், ஒரு கேக். சமையல் எண்ணெய்க்கும் சீனிக்கும் கடை வாசலில் விடியற்காலையிலிருந்து வரிசையில் நிற்கிற ஊரில் ஒருவர் கேக் சுட்டுக் கொண்டுவருவது சின்ன விஷயமில்லை.

வீட்டுக்கு வந்ததும் டேனி ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினான். கடவுளுக்குத்தானே கொடுக்கப் போனேன், அதில் என்ன தப்பு என்று கேட்டான்.

"ஏலம் நமக்கு ஆகாதுடா. நம்ம வீட்டுக்கே ஆகாது" என்றேன்.

அவன் முகம் குழம்பியது. "ஏலமா? டீயில போடுவீங்களே, அதுவா?"

என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பிள்ளைக்குத் தமிழில் ஏலம் என்றால் ஏலக்காய்தான். பக்கத்து வீட்டுப் பையன்களோடு பெம்பா மொழியில் சண்டை போடுகிறான், எங்களோடு ஆங்கிலத்தில் கோபப்படுகிறான், சாப்பாடு வேண்டுமென்றால் மட்டும் தமிழ். அவனுக்கு எங்கிருந்து ஆரம்பித்து இதையெல்லாம் சொல்வது?

அப்பா இறந்து வருகிற வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. அவனுக்குச் சொல்ல முடியாததை உங்களுக்கு எழுதுகிறேன்.

2

சங்கரன்கோவிலில் கோயில் என்று சொன்னால் பெரிய கோயில்தான். எங்களுடையது வேதக்கோயில், கிறிஸ்தவர்களாகிய நாங்கள் வேதக்காரர்கள். அப்படித்தான் ஊர் எங்களைப் பிரித்துச் சொல்லும். அதில் இளக்காரம் ஒன்றும் கிடையாது. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு எங்கள் அப்பா கடையில் தண்ணீர்ப் பானை வைப்பார், எங்கள் ஸ்தோத்திரப் பண்டிகைக்குத் தெருவே வந்து நிற்கும்.

அப்பா வைத்திருந்தது சாயக் கடை. நெசவுக்காரர்களுக்கு நூலுக்குப் போடுகிற சாயம் விற்றார். முக்கால்வாசி வியாபாரம் கடனுக்குத்தான் நடந்தது. சேலை விற்றால் அவர்கள் தருவார்கள், அவர்கள் தந்தால் அப்பா மதுரையில் சரக்குக்குக் கட்டுவார். பொட்டலம் மடித்து மடித்து அப்பாவின் கை எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். நற்கருணை வாங்க முழங்காலிட்டிருக்கும்போது பார்த்தால், வரிசையில் ஒரு கை மட்டும் நீலமாகவோ சிவப்பாகவோ நீண்டிருக்கும்.

சனிக்கிழமை இரவு அப்பா அந்த வாரத்துக் காசைப் பிரிப்பார். முதலில் பத்தில் ஒரு பங்கை எடுத்து ஒரு கவருக்குள் போட்டுவிடுவார். "இது நம்ம துட்டு இல்ல." அடுத்து மதுரைக்காரருக்கு. "இதுவும் நம்ம துட்டு இல்ல." மிச்சத்தை அம்மாவிடம் நீட்டுவார்.

அம்மா அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது மட்டும் நம்ம துட்டாக்கும். நாளைக்கு மீன்காரிகிட்ட இதக் காட்டுதேன், அவ சிரிக்கட்டும்" என்பாள்.

"கடன அடச்சுட்டுக் காணிக்க போட்டா ஆண்டவரு வேண்டாம்னா சொல்லப்போறாரு?" என்று அம்மா கேட்காத வாரம் இல்லை. "கடன் என்னைக்கு அடஞ்சுருக்கு, காணிக்க போட?" என்று அப்பா சொல்லாத வாரமும் இல்லை. கல்யாண நாளிலிருந்து நடக்கிற வழக்கு அது. தீர்ப்பு யார் பக்கமும் வரவில்லை.

எனக்குப் பாளையங்கோட்டையில் பி.எட். இடம் கிடைத்த வருடம், கட்டணத்துக்கு வீட்டில் ஒன்றும் இல்லை. சரக்கெல்லாம் கடனில் நின்றது. பக்கத்துத் தெருவில் கோமதியக்கா இருந்தாள். கணவன் செத்து, ஒரே மகள் செல்வியை வைத்துக்கொண்டு தறி ஓட்டிப் பிழைத்தாள். எங்கள் கடைக்குக் கடனாளி அவள், என்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவளும் அவள்தான். வாய் கொஞ்சம் நீளம். யார் சொன்னார்களோ, ஒரு நாள் கைக்குட்டையில் எதையோ முடிந்துகொண்டு கடை வாசலில் வந்து நின்றாள். அவிழ்த்தால் அவளுடைய ரெட்டைவடச் சங்கிலி.

"அண்ணாச்சி, இத வச்சுப் பிள்ளயப் படிக்க வைங்க."

அப்பா பதறிவிட்டார். "ஏம்மா கோமதி, இது செல்விக்குள்ளதுல்லா."

"செல்வி இன்னும் பாவாடய இழுத்துக்கிட்டுத் திரியுதா. அவ கழுத்துக்கு வரும்போது வந்தாப் போதும். பெட்டிக்குள்ள கெடந்து என்ன முட்டையா போடப்போவுது?"

சங்கிலி அடகுக் கடைக்குப் போனது, நான் பாளையங்கோட்டைக்குப் போனேன்.

3

படித்து முடித்து எனக்கு வேலையும் கிடைத்தது. வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். தினமும் பஸ், சின்னச் சம்பளம். அதிலும் அப்பா பத்தில் ஒன்றை எடுத்து வைத்தார். மிச்சத்தில் வட்டி கட்டினோம். வட்டி கட்டக் கட்ட முதல் அப்படியே உட்கார்ந்திருந்தது. அடகுக் கடைக்காரர் இரண்டு தடவை தவணை நீட்டினார். மூன்றாவது தடவை, இந்தத் தேதிக்கு மேல் ஒரு நாள்கூடத் தரமாட்டேன், முழுசாகக் கட்டி மீட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஏலத்துக்குப் போகும் என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. இதற்குள் செல்விக்கு வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு இடம் வந்திருந்தது. பையன் சர்க்கார் ஆபீசில் வேலை. அவர்கள் கேட்டது அந்தச் சங்கிலி ஒன்றைத்தான்.

எப்படியோ முழுப் பணமும் சேர்ந்தது. அம்மா பால்மாட்டை விற்றாள். கெடு முடிவது திங்கட்கிழமை. அதற்கு முந்தின நாள் எங்கள் ஸ்தோத்திரப் பண்டிகை. தெருவே கோயிலில் இருக்கும், வீட்டுப் பூட்டோ லொடக்குப் பூட்டு. அதனால் அப்பா பணத்தைச் சட்டைப் பைக்குள் வைத்து ஊக்குக் குத்திக்கொண்டு வந்தார்.

எங்கள் பண்டிகையில் காணிக்கையாக வந்த பொருட்களை ஏலம் விடுவார்கள். கத்தரிக்காயிலிருந்து ஆட்டுக்குட்டி வரை வரும். சந்தையில் காலணா பெறுவதை அங்கே ரூபாய் கொடுத்து எடுப்பார்கள். பொருளுக்காக யாரும் எடுப்பதில்லை, கொடுப்பதற்கு அது ஒரு சாக்கு. ஏலம் எடுத்தவர் அந்த இடத்திலேயே பணத்தைக் கட்டிவிட வேண்டும். முன்னெல்லாம் பிறகு தருகிறேன் என்று எடுத்துப்போய் வருடக்கணக்கில் இழுத்தடித்தார்கள். கமிட்டியில் எழுந்து பேசி, கைமேல் காசு என்று விதி கொண்டுவந்தவரே எங்கள் அப்பாதான்.

கோமதியக்காவும் வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை அம்மனுக்கு மாவிளக்கு எடுத்தாகிவிட்டதாம். முந்தானைக்குள் எதையோ பொத்திப் பிடித்துக்கொண்டு என் அம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

"நாளைக்குச் சங்கிலி வருதுல்லா மைனி. ஒங்க சாமிக்கும் ஒண்ணு குடுத்துட்டுப் போறேன்."

ஒரு முட்டை. அவள் வீட்டில் ஒரே ஒரு கோழிதான் இருந்தது. மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வெட்கத்தோடு திரும்பி வந்தாள்.

ஏலம் விட்டவர் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் அந்த முட்டையைத் தூக்கிக் காட்டினார். "ஒத்த முட்ட. குடுத்தது கோமதி. என்ன கேக்கிய?"

கூட்டத்தில் சிரிப்பு. "எட்டணா" என்றார் ஒருவர். "ஒரு ஆம்லெட்டுக்கே காணாதே வாத்தியாரே" என்றார் இன்னொருவர். மறுபடியும் சிரிப்பு. கோமதியக்கா தரையைப் பார்த்தாள்.

"அஞ்சு ரூவா" என்றது அப்பாவின் குரல்.

அதோடு நின்றிருக்க வேண்டியது. ராயகிரியிலிருந்து ஒரு அரிசி மில்காரர் விருந்தாளியாக வந்திருந்தார். கழுத்தில் சரிகைத் துண்டு. அவருக்கு விளையாட்டு. "பத்து" என்றார். அப்பா பதினைந்து என்றார். அவர் இருபது. அப்பா இருபத்தைந்து. சிரிப்பு அடங்கி, எல்லோரும் எக்கி எக்கிப் பார்க்க ஆரம்பித்தார்கள். பெண்கள் பாயிலிருந்து என் அம்மா, "இந்த மனுசனுக்கு என்ன வந்துச்சு, எவளாவது கூப்பிடுங்கட்டி" என்று பல்லைக் கடித்தாள். யார் போய்க் கூப்பிடுவது? ஐம்பது, அறுபது, எண்பது. அன்றைக்கு அப்பா கை பச்சை. ஒவ்வொரு தடவையும் அந்தப் பச்சைக் கை தலைகளுக்கு மேலே எழுந்தது.

"நூத்தி ஒண்ணு" என்றார் அப்பா.

மில்காரர் சிரித்துக்கொண்டே கும்பிட்டு விட்டுக்கொடுத்தார். "ஒரு தரம்... ரெண்டு தரம்..." வாத்தியார் இழுத்தார். "மூணு தரம்!"

அப்படி ஒரு கைதட்டலை எங்கள் கோயில் கண்டதில்லை. அப்பா ஊக்கைக் கழற்றிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, அந்த முட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கோமதியக்கா முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். கண் மட்டும் தெரிந்தது. ஒருத்தி முகம் அப்படிப் பூரித்து நான் பிறகு பார்த்ததில்லை. அவள் முட்டையின் கௌரவத்தைக் காப்பாற்ற அவள் சங்கிலியிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டு அப்பா நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஐயர்ட்ட போயிச் சொல்லுங்க. வெவரத்தச் சொன்னா திருப்பித் தந்துருவாரு" என்று மெதுவாகச் சொன்னாள். எங்கள் பக்கம் பாதிரியாரை ஐயர் என்போம்.

"குடுத்தத திருப்பிக் கேட்டா அதுக்குப் பேரு காணிக்கையா?" என்றார் அப்பா. "நாளைக்கு நா பெரட்டிருதேன். ஆண்டவரு ஒரு வழி காட்டாம இருக்கமாட்டாரு."

திங்கட்கிழமை பொழுது சாயும்வரை அப்பா அலைந்தார். பண்டிகை முடிந்த மறுநாள், யார் கையிலும் காசில்லை. குறைந்த பணத்தோடு போனவரை அடகுக் கடைக்காரர் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார், சங்கிலியைக் கொடுக்கவில்லை. அது அடுத்த வாரம் ஏலத்துக்குப் போனது. அந்த ஏலத்தில் யாரும் கைதட்டியிருக்க மாட்டார்கள்.

அந்த முட்டையை அம்மா அவித்து, நூலால் மூன்றாக அறுத்து, ஆளுக்கொரு துண்டு வைத்தாள். அப்பா தன் துண்டைச் சோற்றுக்குள் புதைத்துவிட்டுக் கை கழுவ எழுந்துபோனார்.

4

மிச்சப் பணத்தை எடுத்துக்கொண்டு அப்பா கோமதியக்கா வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். "கொஞ்சம் கொறஞ்சுட்டும்மா, மீக்க முடியல. சங்கிலியாவே திருப்பித் தந்துருதேன், இது சத்தியம்" என்றார். முட்டையைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அவள் பணத்தை வாங்கிக்கொண்டாள். "எவ்வளவு கொறஞ்சுது அண்ணாச்சி?" என்று கேட்டாள். அப்பா படியிறங்கிவிட்டார். அவளும் திரும்பக் கேட்கவில்லை.

வாசுதேவநல்லூர் இடம் கைநழுவிப் போனது. இரண்டு வருடம் கழித்துச் செல்வியை மேலநீலிதநல்லூரில், பெண்டாட்டி செத்து இரண்டு பிள்ளைகளோடு நின்ற ஒரு புஞ்சைக்காரருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு அவள் கழுத்தில் கிடந்தது கவரிங். நான் அப்போது சாம்பியா விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தேன். அவள் சங்கிலியில் படித்த படிப்பு என்னைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தது. செல்வி மானாவாரிக் காட்டில் மிளகாய் பறிக்கப் போனாள். இதை எப்படித் திருப்பிப் போட்டு யோசித்தாலும் எனக்குச் சமாதானம் கிடைப்பதில்லை.

அதன் பிறகு அப்பா கடைக்குப் போகிற வழியை மாற்றிக்கொண்டார். கோமதியக்கா வீட்டு வழியாகப் போனால் எட்டி நடக்கிற தூரம்தான். அவர் தேரடியைச் சுற்றிப் போனார். பண்டிகை ஏலத்துக்கு மட்டும் வருடம் தவறாமல் வந்து, இரண்டு கையையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். "என்ன வே, முட்ட எடுக்கலியா?" என்று கேலி செய்வார்கள். சும்மா சிரித்துக்கொள்வார்.

இங்கே வந்த பிறகு ஒரே வருடத்தில் சங்கிலியை வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். கணக்கு டீச்சர் போட்ட கணக்கு! சம்பளத்தில் ஒரு பங்குதான் நாட்டுக்கு வெளியே அனுப்பலாம். அதற்கும் படிவம் எழுதித் தலைநகரிலிருந்து அனுமதி வர வேண்டும். அது எப்போது வரும் என்பது ஆண்டவருக்கே வெளிச்சம். முதல் தடவை படிவத்தில் பணம் பெறுபவர் கோமதி என்று எழுதிக் கொடுத்தேன். பாங்க் குமாஸ்தா கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு உறவு என்ன என்று கேட்டார். அக்கா என்றேன். அப்பா பெயர் வேறாக இருக்கிறதே என்றார். எங்கள் ஊரில் அக்காவென்றால் ஒரே அப்பாவாக இருக்க வேண்டியதில்லை என்றேன். அவர் வெடித்துச் சிரித்து, எங்கள் ஊரிலும் அப்படித்தான், ஆனால் இந்தப் படிவம் எங்கள் ஊரில் அச்சடித்தது இல்லை போலிருக்கிறது என்றார். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும்தான் அனுமதி. கடனை அடைப்பது என்ற காரணத்துக்குக் கட்டமே கிடையாது.

ஆகவே எல்லாம் அப்பா பெயருக்கே போனது. அப்பா கைக்குப் போனால் என்ன நடக்கும்? முதலில் பத்தில் ஒன்று. அடுத்து மதுரைக்காரர் பாக்கி. பிறகு அம்மாவின் வைத்தியம், அம்மா போன பிறகு அவருடைய வைத்தியம். கடைசியில் மிஞ்சியது சங்கிலிக்கென்று வைத்திருந்த கவருக்குள் போனது. நாங்கள் பட்டிருந்தது சங்கிலிக் கடன். பணம் ஒரு படி ஏறினால் தங்கம் இரண்டு படி ஏறியது. இந்தப் பத்தில் ஒன்றை இரண்டு வருடம் நிறுத்தினால் தீர்ந்துவிடும் அப்பா என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதினேன். ரெண்டும் நம்ம துட்டு இல்ல மகளே, ஒண்ண எடுத்து இன்னொண்ண எப்படி அடைக்க, என்று அவர் எழுதினார்.

எனக்கு ஒரு நாள் வெறுத்துவிட்டது. இங்கே சோப்புக்கு வரிசையில் நின்று, மகனுக்குக் காலணி வாங்குவதைத் தள்ளிப்போட்டு அனுப்புகிற பணம் அது. அன்றைக்கு முட்டைக்குக் கொடுத்ததை வட்டிக்கு விட்டிருந்தால் இன்று எவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், என்று எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். கோபத்தில் கேட்ட கேள்வி. அப்பா அதற்குக் கூட்டு வட்டி போட்டு, வருடவாரியாக, முத்து முத்தான எழுத்தில் விடை எழுதி அனுப்பினார். கீழே ஒரு வரி: சரியா என்று பார்த்துக்கொள் டீச்சர். சரியாகத்தான் இருந்தது.

5

அப்பா இறந்த தந்தி எனக்குக் கிடைத்தபோது அடக்கம் முடிந்துவிட்டது. விடுமுறை கிடைத்து நான் ஊர் போய்ச் சேர ஆறேழு வாரம் ஆனது. அப்பாவின் சங்கிலிக் கவரில் இருந்ததோடு நான் கொண்டுபோனதைச் சேர்த்து, கடைத்தெருவில் அதே மாதிரி ரெட்டைவடம் வாங்கினேன். வாங்கிய கையோடு கோமதியக்கா வீட்டுக்குப் போனேன்.

தலை நரைத்திருந்தது. வாய் அப்படியே இருந்தது.

"ஏட்டி, வெளிநாட்டுக்காரி! என்ன இப்படி மெலிஞ்சு போய்க் கெடக்க? அங்கன சோறு போடுதானா இல்லியா?"

சங்கிலியை அவள் கையில் வைத்தேன். உள்ளங்கையில் ஏந்தித் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். "பழசு இன்னுங் கொஞ்சம் கனம்" என்றாள். பிறகு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "செல்வி வெள்ளிக்கிழம வாரா. ஒங் கையாலயே போட்டு விடு. வேண்டாம்னு சொல்ல நா ஒண்ணும் மகாராணி இல்ல" என்றாள்.

நான் முட்டை விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று விமானத்தில் வரும்போதே முடிவு செய்திருந்தேன். அப்பா சொல்லாமல் போனது என் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

"அக்கா, அந்தப் பண்டியலுக்கு நீங்க ஒரு முட்ட குடுத்திய..."

"அது என் சங்கிலித் துட்டுன்னு எனக்குத் தெரியாதாக்கும்?" என்றாள் கோமதியக்கா.

"எப்படித் தெரியும்?" என்றேன்.

"ஒங்க அய்யா சட்டப் பையில ஊக்கு குத்தியிருந்ததப் பாத்தேனே. ஒங்கம்ம மாடு வித்தது தெருவுக்கே தெரியும். முப்பதத் தாண்டும்போதே எனக்குக் கணக்கு வெளங்கிட்டு. அண்ணாச்சி போதும்னு ஒரு சத்தம் குடுத்தா நின்னுருப்பாரு. தொண்ட வரைக்கும் வந்துச்சுட்டி. ஆனா அத்தன சனமும் என்னயப் பாக்கு. எம் வீட்டு மனுசன் செத்த அன்னையிலேருந்து எவளும் என்னய நேருக்கு நேர் பாத்தது கெடயாது, நல்லது பொல்லாததுக்கு எதுக்க வந்துருவேனோன்னு ஒதுங்கித்தான் போவாளுவ. அன்னைக்குப் பட்டுச் சேல கட்டினவளுவ எல்லாம் திரும்பித் திரும்பிப் பாக்காளுவ. ரெண்டு தரம்னு வாத்தியாரு இழுக்காரு. நா அந்தப் பச்சக் கையவே பாத்துக்கிட்டு நிக்கேன். இன்னுங் கொஞ்சம் ஏறட்டும், இன்னுங் கொஞ்சம் ஏறட்டும்னு என் மனசு கெடந்து அடிக்கி. நானுந்தான் ஏலங் கேட்டேன், வாயத் தொறக்காம. செல்வி வாழ்க்கய வச்சுல்லா கேட்டுருக்கேன்."

"அப்பாட்ட இத ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே அக்கா. அவரு தேரடியச் சுத்திச் சுத்தியே போனாரே."

"சொல்லணும் சொல்லணும்னுதான் இருந்தேன். ஒரு நா குறுக்க போயி நின்னேன், தலயக் குனிஞ்சுகிட்டு வந்த வழியே திரும்பிட்டாரு. கூப்பிட்டுருக்கலாம். கூப்பிடல." கையிலிருந்த சங்கிலியை மடியில் வைத்துக்கொண்டாள். "சொல்லிட்டா அவரு நிமுந்து நடந்துருவாரு. பெறவு செல்விக்கு நா யாரக் கைகாட்டுதது? ஒங்க அய்யா மேல பழி கெடக்க வரைக்கும் எம் மேல இல்லன்னு இருந்துட்டேன்."

வெள்ளிக்கிழமை செல்வி வந்தாள். வெயிலில் கறுத்து, என்னைவிட மூத்தவள் மாதிரி இருந்தாள். சங்கிலியைப் போட்டுவிட்டேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "எனக்கென்னத்துக்கு இனிமே? எம் மூத்தவளுக்குக் கல்யாண வயசாகிட்டு" என்றாள். அவள் சொன்னது அந்த மனிதரின் முதல் தாரத்து மகளை. வளர்த்த பாசத்தில் தன் மூத்தவள் என்றே சொல்கிறாள். அந்தப் பெண் கழுத்துக்குத்தான் இப்போது அது போயிருக்கும்.

ஊரைவிட்டுக் கிளம்புகிற அன்று கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். கடன் தீர்ந்தது என்று அப்பாவிடம் சொன்னேன். கோமதியக்கா சொன்னதையும் சொன்னேன். மண்ணுக்குச் சொல்லி என்ன செய்ய? வருடக்கணக்காக அந்த மனிதர் தேரடியைச் சுற்றி நடந்த நடை, நடந்ததுதான். குறுக்கு வழியில் ஒரு வாசலில் ஒருத்தி அவரை மன்னிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அது அவருக்குத் தெரியாமலே போய்விட்டது. அந்த முட்டைக்கு வட்டிக் கணக்குக் கேட்டவள் நான். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

6

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது டேனி வந்து பக்கத்தில் நின்றான். தமிழ் எழுத்து அவனுக்குக் கோலம் மாதிரி. என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டான். ஏலத்தைப் பற்றி என்றேன். டீயில் போடாத ஏலம்.

ஞாயிற்றுக்கிழமை சிவந்த மணிக்கட்டு இப்போது சரியாகிவிட்டது. இருந்தாலும் பிடித்துத் தடவிவிட்டேன். அந்தக் கேக் அவ்வளவு பிடித்திருந்ததா என்று கேட்டேன்.

"கேக் நல்லாவே இல்ல. ஒரு பக்கம் கரிஞ்சு இருந்துச்சு. எங்க ஸ்கூல்ல கூட்டுற ஆன்ட்டி கொண்டுவந்தாங்க. யாருமே கேக்கல, சும்மா சிரிச்சாங்க. அவங்க அங்கேயே நின்னுட்டு இருந்தாங்க."

என் கை நின்றுவிட்டது. "கையில எவ்வளவு வச்சிருந்தே?"

"ஒண்ணும் இல்ல. நீங்க குடுப்பீங்கன்னு நெனச்சேன்."

என் அப்பாவை அவன் பார்த்தது இரண்டே தடவைதான், அதுவும் கைக்குழந்தையாக ஒரு தடவை. முட்டைக் கதை அவனுக்குத் தெரியாது. சொன்னால் பாதி புரியாது.

"எவ்வளவு வரைக்கும் கேட்டிருப்பே?" என்றேன்.

டேனி தமிழில் வார்த்தை தேடினான். கிடைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"அவங்க எல்லாரும் சிரிக்கிறது ஸ்டாப் ஆகிற வரைக்கும்" என்றான்.